பாப்பாவுக்குச் சின்ன வட்டம், பறவைக்குப் பெரிய வட்டம்

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் படம் போடும் தாத்தா பாட்டிகளுக்கும், அப்பா அம்மாக்களுக்கும், அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தை குப்புற விழுந்தது, செம்பருத்திக் கிளையில் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது, கொலுவுக்கு வாங்கிய யானைப் பொம்மை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்று நீங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, இதையெல்லாம் ஊருக்குக் காட்ட வேண்டுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு படம் என்றால் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குழுப்படம். புதுச்சட்டை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற முகங்கள்தான் ஆல்பத்தில் மிஞ்சின. விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீடு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே கிடையாது. இன்று கைபேசி அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காப்பாற்றித் தருகிறது. மதுரையில் இருக்கும் பாட்டி, டொரண்டோவில் பிறந்த பேரனுக்கு முதல் பல் முளைத்ததை அன்றைக்கே பார்க்கிறாள். பேரனும் பாட்டி வீட்டு முற்றத்துத் தவிட்டுக்குருவிகளைப் பார்த்துப் பழகுகிறான். உறவு பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னச் செய்திகளால்தான் உயிரோடு இருக்கிறது. ஆகவே, படம் போடாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை.

சொல்ல வந்தது வேறு. பாப்பாவின் படம், பறவையின் படம், பொம்மையின் படம் மூன்றையும் நாம் ஒரே விரல் அசைவில், ஒரே குழுவுக்கு, ஒரே ஸ்டேட்டஸுக்கு அனுப்பிவிடுகிறோம். எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்பதை நம்முடைய சந்தோஷத்தின் அளவே தீர்மானிக்கிறது. சந்தோஷம் கூடக்கூட வட்டமும் பெரிதாகிறது. இந்தக் கணக்கு சரியில்லை என்பதே என் வாதம். படம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் படத்தில் இருப்பது யார், அது பரவுவதால் அவருக்கு நன்மையா தீமையா என்பது தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்றுக்கும் மூன்று விடை கிடைக்கும். பாப்பாவின் படம் சின்ன வட்டத்துக்குள் நிற்க வேண்டும். பறவையின் படம் இப்போது போவதைவிடத் தூரம் போக வேண்டும். பொம்மையின் படம் செய்த கைகளின் ஊரையும் பெயரையும் சுமந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் பாப்பா. பிறந்த அன்று அனுப்பும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மணிக்கட்டில் மருத்துவமனை கட்டிய பட்டையில் தாயின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். கீழே நாம் எழுதும் வாழ்த்தில் தேதி, நேரம், எடை, ஊர், நட்சத்திரம் எல்லாம் வந்துவிடும். பெயர் சூட்டும் நாளில் முழுப்பெயர். முதல் பிறந்தநாளில் வீட்டு வாசல். பள்ளியில் சேர்த்த அன்று சீருடையும், சட்டைப் பையில் பள்ளியின் முத்திரையும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அன்பின் செய்தி. வரிசையாக அடுக்கினால், இன்னும் பேச்சே வராத ஒரு மனிதரின் பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், முகவரி, பள்ளி, ஆண்டுவாரியாக முகம் என்று முழுமையான ஒரு கோப்பு. வங்கியிலும் அலுவலகத்திலும் நம்மை அடையாளம் காண இன்றும் கேட்பது பிறந்த தேதியையும் தாய் பெயரையும்தான். பெரியவர்களாகிய நாம் நம்மைப் பற்றி இப்படியொரு கோப்பைத் தொகுத்து யாருக்கும் கொடுக்க மாட்டோம். கேட்க முடியாத இடத்தில் இருப்பதால் மட்டுமே குழந்தையின் கோப்பு நம் கையால் எழுதப்படுகிறது.

'நாங்கள் போடுவது சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கும் குழு' என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான பதில்தான். பொதுவெளியில் போடுவதைவிடக் குழு எவ்வளவோ மேல். ஆனால் குழு என்ற சொல் தரும் நெருக்கம் வேறு, அதன் உண்மையான அளவு வேறு. வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். 'எங்கள் வம்சம்' என்று தொடங்கும் குழுவில் சம்பந்தி வீட்டாரும், அவர்களுடைய உறவுகளும், எப்போதோ கல்யாண ஏற்பாட்டுக்காகச் சேர்த்துப் பிறகு எடுக்க மறந்துபோன எண்களும் இருக்கும். அனுப்பிய படம் பலருடைய கைபேசியில் தானாகவே கேலரியில் சேர்ந்துவிடும். அங்கிருந்து மேகச் சேமிப்புக்குப் போகும். பழைய கைபேசியை விற்றால் அழிக்காமல் விட்டது அதோடு போகும். எல்லாவற்றையும்விட வழக்கமாக நடப்பது, அன்பு மிகுந்த ஒரு பெரியப்பா பிறந்தநாள் வாழ்த்தோடு அந்தப் படத்தைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் யாரும் பார்க்கும்படி போட்டுவிடுவது. அவர் செய்ததில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. படத்தோடு 'இதற்கு மேல் போகக் கூடாது' என்ற சொல்லை நாம் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

'உலகத்தில் எத்தனை கோடிப் படம்! நம் வீட்டுப் பிள்ளையின் படத்தை யார் தேடப் போகிறார்கள்?' என்பது அடுத்த கேள்வி. மனிதர்கள் உட்கார்ந்து தேடிய காலத்தில் இதில் ஓரளவு ஆறுதல் இருந்தது. இப்போது திரட்டுவது இயந்திரம், அதற்குச் சலிப்பு கிடையாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழக்குவதற்காக இணையத்திலிருந்து திரட்டப்பட்ட லயான்-5பி என்ற தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்களின் இணைப்புகள் இருந்தன. 2024இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அதில் 0.0001 சதவீதத்துக்கும் குறைவான பகுதியை மட்டும் புரட்டிப் பார்த்தது. அந்தத் துளியிலேயே பிரேசில் நாட்டுக் குழந்தைகளின் படங்கள் 170, ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் 190 கிடைத்தன. சிலவற்றில் குழந்தையின் பெயரும், படம் எடுத்த இடமும் படத்தோடோ அதன் குறிப்போடோ இருந்தன. சொந்தபந்தங்கள் பார்க்கட்டும் என்று பெற்றோர் எழுதிவந்த வலைப்பதிவுகளில் இருந்த பிறந்தநாள் படங்களும் பள்ளி விழாப் படங்களும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. கூட்டத்தில் ஒன்றாக இருப்பதே பாதுகாப்பு என்ற கணக்கை இந்தச் சான்று உடைத்துவிடுகிறது. கூட்டத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போகிறவனுக்கு ஒவ்வொருவரையும் தேட வேண்டிய தேவையே இல்லை.

'எங்கள் பிள்ளை, எங்கள் படம், எங்கள் விருப்பம்' என்பதுதான் இருப்பதிலேயே உறுதியான எதிர்வாதம். பெற்றோருக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த உரிமை எதற்காகத் தரப்பட்டது என்பதே கேள்வி. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு அந்தரங்கத்தைக் குழந்தையின் சொந்த உரிமையாகவே சொல்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தம் தீர்ப்பில் குழந்தைகளின் அந்தரங்கத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு எழுதினார். பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. குழந்தையின் படத்தைத் தாயும் தந்தையும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பக் குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது அது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. ஆனால் வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் செய்வதில் அது தலையிடுவதில்லை. அதாவது வாசலில் காவல் நிற்பவர் பெற்றோர் என்று சட்டம் நம்புகிறது. காவலுக்கு நிற்பவரே கதவைத் திறந்துபோட்டால் அதற்குப் பின்னால் வேறு காவல் இல்லை.

இதில் நமக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை. பச்சைக் குழந்தையை எல்லோர் கண்ணிலும் காட்டக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தார்கள், சில மாதங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள். கண்ணேறு என்ற நம்பிக்கையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். யார் பார்க்கலாம் என்பதைக் குழந்தைக்காகப் பெரியவர்கள் யோசித்து முடிவெடுத்தார்கள் என்பது அதற்குள் இருந்த நல்ல பழக்கம். அதை நாம் மீட்டுக்கொள்ளலாம். தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்று பெயர் சொல்லி எண்ணக்கூடிய ஒரு தனிக் குழு போதும். வட்டம் சிறிதாகும்போது அங்கே இன்னும் நிறையவே பகிரலாம். கடல் கடந்து இருக்கும் பாட்டிக்கு எதையும் குறைக்க வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் படம், மொட்டையடிக்கும்போதும் காது குத்தும்போதும் வீறிட்டு அழும் படம் ஆகியவற்றை மட்டும் எந்தக் குழுவுக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழுகிற பெரியவரை யாரும் படம் எடுத்துச் சிரிப்பதில்லை. குழந்தைக்கும் அதே மரியாதை உண்டு.

பறவைக்கு வருவோம். இங்கே என் வேண்டுகோள் தலைகீழ். நீங்கள் குழுவில் போட்டு, நாலு கைகூப்பு வாங்கி, அப்படியே புதைந்துபோகும் பறவைப் படம் இன்னும் பெரிய வட்டத்துக்குப் போக வேண்டும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டவர்கள் அளித்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. இத்தனை பதிவுகளையும் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் திரட்டியிருக்க முடியாது. ஆசிரியர், அலுவலர், மாணவர், ஓய்வுபெற்றவர் என்று பலதரப்பட்டவர்கள் தம் ஊரிலும் தோட்டத்திலும் பார்த்ததை ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் எழுதிவைத்ததால்தான் அவை சேர்ந்தன. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்று நாம் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தோம். 2020இல் வந்த முந்தைய அறிக்கை, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் பார்க்கையில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. ஊர்ப்பேச்சைத் திருத்தும் பலம் இந்தச் சாதாரணப் பதிவுகளுக்கு இருக்கிறது.

'எங்கள் தோட்டத்தில் வருவது காக்கையும் மைனாவும் தவிட்டுக்குருவியும்தானே, அதைப் பதிந்து யாருக்கு என்ன பயன்?' என்று கேட்பீர்கள். கூட்டமாகக் கீச்சிட்டபடி சருகைக் கிளறும் அந்தத் தவிட்டுக்குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நமக்கு மலிவானது உலகத்துக்கு அரிது. அது எங்கே பெருகுகிறது, எங்கே குறைகிறது என்பதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத முடியாது. கைபேசிப் படம் தெளிவில்லாமல் இருக்கிறதே என்ற தயக்கமும் வேண்டாம். பளபளக்கும் ஆணை அருகில் காணாமல் பெட்டைத் தேன்சிட்டு மட்டும் தனியாக வந்தால் எந்த வகை என்று குழப்பம் வரும். தொண்டை வெளிறிய வெள்ளையாக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, தொண்டையும் மஞ்சளாக இருந்தால் ஊதாத் தேன்சிட்டு என்று, அந்த ஒரு விரலளவு இடம் மங்கலாகவேனும் படத்தில் விழுந்திருந்தால் சொல்லிவிடலாம். படத்தோடு தேதி, இடம், எத்தனை பறவைகள் என்ற மூன்றையும் சேர்த்தால் அது ஆவணமாகிவிடுகிறது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கும், நம் ஊரில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தாலே போதும். பேரக்குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணலாம்.

பறவையிலும் ஒரு விலக்கு உண்டு. அதற்கும் காரணம் இதே விதிதான். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது வட்டம் சுருங்க வேண்டும். தேன்சிட்டின் கூட்டைக் கவனித்தால் ஏன் என்று புரியும். சிலந்தி நூலால் பிணைத்து, மரப்பட்டைத் துணுக்கும் புழுக்களின் எச்சமும் ஒட்டி, கிளை நுனியில் ஏதோ குப்பை தொங்குவதுபோலப் பெட்டை அதைக் கட்டுகிறது. பக்கவாட்டு வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் ஒன்றும் நீண்டிருக்கும். யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் முழு நோக்கம். நல்ல படம் வேண்டும் என்று நாம் இரண்டு இலையைக் கிள்ளினால் வெயிலும் காக்கையும் செம்போத்தும் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. தாய் திரும்பி வரத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுக்கு இரை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே தூரத்தில் நின்று பாருங்கள். குஞ்சுகள் பறந்துபோன பிறகு, தேதியோடு சொல்லுங்கள். குழந்தையிடம் காட்ட வேண்டிய அதே பொறுமையைத்தான் இங்கும் கேட்கிறேன்.

மூன்றாவது பொம்மை. அதற்கு வெட்கமும் இல்லை, ஆபத்தும் இல்லை. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் தனியாகப் போக வேண்டாம். அரைக்கோள அடியில் களிமண்ணின் கனம் இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் தஞ்சாவூர்ப் பொம்மையைச் சிரிப்புக்குறியோடு அனுப்புகிறோம், எங்கே யாரிடம் வாங்கினோம் என்பதை விட்டுவிடுகிறோம். கர்நாடகத்துச் சன்னபட்ணா மரப்பொம்மையின் மழமழப்பைப் பாருங்கள். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி நிறமாக ஏறுகிறது. பிறகு தாழை மடலை வைத்து மெருகேற்றுகிறார்கள். இந்த இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் அதே உருவத்தில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கைக் கடையில் பக்கத்திலேயே வைத்து விற்கும்போது வாங்குபவருக்கு வித்தியாசம் சொல்ல ஆள் இல்லை. 'அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு', 'விளாச்சேரி மண்பொம்மை', 'பண்ருட்டியில் வாங்கியது' என்று ஒரு வரி நீங்கள் சேர்த்தால், நவராத்திரிக்கு முன்பு அந்த ஊருக்கு ஒரு வாடிக்கையாளர் கூடுதலாகப் போகக்கூடும். செய்தவரின் பெயரையும் எண்ணையும் போடுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். விளம்பரம் அவருக்கு வேண்டியதாக இருக்கலாம், ஆனாலும் கேட்பது முறை.

பொம்மையால் இன்னொரு நன்மையும் உண்டு. குழந்தை நடக்கத் தொடங்கிய சந்தோஷத்தை ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருக்க முடியாது என்றால், நடைவண்டியின் படத்தைப் போடுங்கள், அதைப் பிடித்திருக்கும் விரல்களோடு. பிறந்தநாள் என்றால் புதிதாக வந்த பனையோலைக் கிலுகிலுப்பையைப் போடுங்கள். முகமும் பெயரும் தேதியும் உள்ள படம் சின்னக் குழுவுக்குப் போகட்டும். பார்ப்பவர்களுக்குச் செய்தி போய்விடும், வாழ்த்தும் வந்துவிடும், குழந்தையின் கோப்பில் ஒரு பக்கமும் கூடாது.

இத்தனை யோசித்துப் படம் போட்டால் அதில் இயல்பு எங்கே இருக்கும், சந்தோஷம் எங்கே இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. யோசனை ஒவ்வொரு படத்துக்கும் தேவையில்லை, ஒரு முறை குழுக்களைப் பிரித்து வைக்கும்போது மட்டும் தேவை. கூடத்தில் யாரை உட்கார வைப்பது, அடுக்களை வரை யார் வரலாம் என்பதை நம் வீடுகள் தினமும் முடிவு செய்வதில்லை. ஒரு முறை பழகியதும் அது தானாக நடக்கிறது. விருந்தோம்பலும் அதனால் குறைந்ததில்லை. படத்துக்கும் அதே போன்ற இரண்டு இடங்கள் இருந்தால் போதும்.

ஆகவே இந்த மடலைப் படித்து முடித்ததும் சில காரியங்கள் செய்யுங்கள். குடும்பக் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படியுங்கள். அடையாளம் தெரியாத எண் ஒன்று இருந்தாலும் குழந்தைப் படங்களுக்குத் தனிக் குழு தொடங்குங்கள். அதன் விளக்கத்தில் 'இங்கிருந்து எங்கும் அனுப்ப வேண்டாம்' என்று எழுதிவையுங்கள். மற்றவர் வீட்டுக் குழந்தையின் படத்தைப் பகிரும் முன் அந்தப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பேசத் தெரிந்த குழந்தையென்றால் அதனிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய குழுவில் பறவைப் படங்களையும் பொம்மைப் படங்களையும் ஊர்ப்பெயரோடும் தேதியோடும் தாராளமாகப் போடுங்கள். நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து, என் படங்களை யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டால், ஒருவர் விடாமல் பெயர் சொல்லிப் பதில் தர உங்களால் முடிய வேண்டும். அதற்கு மேல் ஒருவர்கூட அந்த வட்டத்தில் இருக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்களைப் போல வீட்டுப் படங்களை விரும்பும் ஒருவர்